பாப்பா பின்னிய கொலை

ஓடிப்போனாளாம்! யார் சொன்னது? மாடி வீட்டுக்காரியா? அவள் அன்றைக்குப் படுக்கையை விட்டு எழுந்ததே பஸ் போன பிறகுதான். வாசலில் நின்றவள் நான். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவள் நான். ஓடிப்போகிறவள் படியில் உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டுவாளா? தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று திரும்பி உள்ளே வருவாளா?

நேற்று மாடிப்படியில் என்னை வழிமறித்து, புத்தகத்தைக் கையில் ஆட்டிக்கொண்டே கேட்கிறாள்:

"ஏங்க, தினம் வந்து போற மனுஷியைக் கொலைகாரின்னு அச்சுல போட்டுட்டாங்க உங்க நாத்தனார். அப்புறம் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல இருப்பாங்க? அதான் சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டிட்டாங்க."

"முதல்ல புஸ்தகத்தை நேராப் பிடி. அட்டைல இருக்கிற பொம்பளை தலைகீழாத் தொங்குறா" என்றேன்.

"உங்களுக்குப் படிக்கவே தெரியாதே. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

அங்கேதான் அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். அது புத்தகம் ஆவதற்கு முன்னாலேயே அதை முழுசாகப் படித்தவள் நான். கண்ணால் இல்லை, இந்த விரலால். சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு யார் ஓடினார்கள் என்று பேசுவோம்.

பாப்பா என் வீட்டுக்காரரின் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று இரட்டைச் சடையோடு கதவுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் பாப்பா என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்தது, மூக்குக் கண்ணாடி வந்தது, முட்டி வலி வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. தெருவில் அவளைவிடச் சின்னவர்கள்கூட பாப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெருமுனையில் கம்பளி நூல் கடை இருக்கிறதே, அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டு. தட்டு முழுக்க நிறம் நிறமாக நூல் உருண்டைகள். மேல் தட்டு எட்டாது என்பதால் ஒரு ஆட்டம் காணும் ஏணி. கடைக்குள்ளேயே ஒரு நீள பெஞ்சு. ஒற்றை உருண்டை வாங்க வருகிறவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பாள். மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, எதிர்வீட்டு நாயைப் பற்றி. பாப்பா எதுவும் பேச மாட்டாள். கை பின்னிக்கொண்டே இருக்கும். காது திறந்தே இருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு பயம், பஸ். சின்ன வயதில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டாளாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கடை தாண்டிப் போனதை நான் பார்த்ததில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் "நீங்க போயிட்டு வாங்க அண்ணி, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பாள். உள்ளூரில் பார்த்த வரன் எதுவும் பிடிக்கவில்லை, வெளியூர் வரனுக்கு பஸ் ஏற வேண்டும். கல்யாணம் அப்படியே போய்விட்டது.

அப்படிப்பட்டவள் கதை எழுதினாள். அதுவும் கொலைக் கதை!

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அந்தக் கதைகளில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. செத்தவன் முதல் பக்கத்திலேயே யாருக்கும் தொந்தரவு இல்லாமல் செத்துக் கிடப்பான். அப்புறம் நூல் கடை பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே யார் செய்திருப்பார்கள் என்று பேசுவார்கள். அந்தக் கடைக்காரிதான் துப்புத் துலக்குகிறவள். அவளுக்கு வாய் நீளம், மனசு பெரிசு, பஸ்ஸில் ஏறி எங்கு வேண்டுமானாலும் போவாள். யாரோ விட்டுப்போன கையுறையை எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்து, இதைப் பின்னினவள் அவசரக்காரி, அதுவும் எதையோ மறைக்கிற அவசரம் என்று சொல்லிவிடுவாள். கடைசிப் பக்கத்தில் அந்தக் கையுறையை நாமே பின்னிக்கொள்கிற முறையும் இருக்கும். கொலையும் தெரிந்துவிடும், குளிருக்குக் கையுறையும் ஆச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். இந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். மடித்த துணியையே மறுபடி மடித்த நாளும் உண்டு.

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் வேலையாகத் தெரியவில்லை. அவர் பூட்டு ரிப்பேர்காரர். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை, சாவி அறுக்கிற மெஷின் ஒன்று.

"ஏன் பாப்பா, இந்த வீட்டுல சாப்பாடு போடும்போதாவது யாரையும் கொல்லாம இருக்கலாம்ல?" என்பார்.

"அண்ணா, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தா வெளியில இருந்து திறக்க முடியுமா?" என்று இவள் கேட்பாள்.

"முடியும். ஆனா உனக்குச் சொல்ல மாட்டேன்" என்பார். கை கழுவுவதற்குள் சொல்லியும்விடுவார்.

ஒரு தடவை மருந்துக் கடையில் போய், தூக்க மாத்திரை எத்தனை போட்டால் வயசானவர் எழுந்திருக்க மாட்டார் என்று கேட்டிருக்கிறாள். மருந்துக் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்று, "அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்றார். அவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் இருக்கேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மற்றவர்கள் கதை எழுதுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பாப்பா முதலில் பின்னுவாள். மஃப்ளர் மாதிரி ஒரு நீளத் துண்டு. கதையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம். ஒருத்தர் பேச வருகிறார் என்றால் அவர் நிறத்தில் சில வரிசை. அடுத்தவர் பேசினால் அடுத்த நிறம். பேசுகிறவர் உண்மை சொன்னால் பின்னல் கண்ணிகள் ஒழுங்காக இருக்கும். பொய் சொன்னால் அந்த இடத்தில் ஒரு கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட்டு லேசாக இழுத்துவிடுவாள். கம்பளி நூல் சொரசொரப்பு, அதனால் அது மேற்கொண்டு பிரியாமல் அங்கேயே நிற்கும். சின்ன ஏணி மாதிரி ஓர் ஓட்டை. ஒரு பொய்க்கு ஓர் ஓட்டை.

"தலைல வச்சுக்கிட்டா எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க அண்ணி. இதுல போட்டுட்டா வரிசையா நிக்கிறாங்க" என்பாள்.

மாதக்கணக்கில் கடையில் உட்கார்ந்து பின்னுவாள். துண்டு முடிந்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கூடை, அதில் துண்டு. இடது கை துண்டைத் தடவும், வலது கை எழுதும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். தோன்றட்டும். எனக்கு அது கோயில் மாதிரி இருந்தது, பக்கத்தில் போகவே காலைக் கழுவ வேண்டும் போல.

ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது அந்தத் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போனேன். ஓட்டை வந்தால் கண்ணைத் திறந்து என்ன நிறம் என்று பார்ப்பேன். மஞ்சள் பொய். நீலம் பொய். மறுபடி மஞ்சள். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் என் விரலுக்கடியில் ஆட்கள் உட்கார்ந்து பொய் பேசிக்கொண்டிருந்தார்கள். 

சாயந்திரம் அவள் வந்ததும் கேட்டேன்.

"மஞ்சளுக்குத்தான் நிறைய ஓட்டை. அப்போ மஞ்சள்தானே கொன்னது?"

பாப்பா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"படிச்சுட்டீங்களா அண்ணி?"

"படிச்சேன்னு வச்சுக்கோயேன்."

சிரித்தாள். அப்புறம் என் காதோடு சொன்னாள். "சும்மா இருக்கிறவங்க எல்லாரும் பத்துப் பொய் சொல்வாங்க. வயசை மறைப்பாங்க, போன இடத்தை மறைப்பாங்க. கொன்ன ஆள் மட்டும் ஒரே ஒரு பொய் சொல்லும். ஒரே ஒரு ஓட்டை இருக்கிற நிறத்தைத் தேடுங்க."

தேடினேன். ஆரஞ்சு. ஆரஞ்சில் ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது. அன்றிலிருந்து அவள் எழுதும் எல்லாக் கதையிலும் யார் கொலைகாரர் என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொள்கிறவள் நான்தான். என் வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடைசிப் புத்தகத்துக்கு வருகிறேன். இதில் செத்தவர் ஒரு பின்னல் போட்டி நடுவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடக்கிறார், மடியில் பரிசு வாங்கிய சால்வை, பக்கத்தில் டீக் கோப்பை. கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. போட்டியில் தோற்றவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். இந்தத் துண்டை மட்டும் நான் இன்னும் தடவிப் பார்க்கவில்லை. துண்டு பின்னி முடிக்கிற நேரத்தில் ஒரு போன் வந்தது, நூல் கடைக்கு, பதிப்பகத்திலிருந்து.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த முகம் எனக்கு மறக்காது. சாப்பிட உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணி, போன ரெண்டு புஸ்தகமும் லேட்டாம். இதுவும் மழை தொடங்கறதுக்குள்ள வரலைன்னா நூல்கடைக்காரியை வேற ஒருத்தங்ககிட்டக் குடுத்துடுவாங்களாம்."

"குடுக்கறதுன்னா? அவ உன் ஆளுதானே?"

"பேரு அவங்களுதுன்னு எப்பவோ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இனிமே வேற யாரோ அவளைப் பேச வைப்பாங்க. ஆளும் பாத்து வச்சிருக்காங்களாம்."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "போனாப் போகுது. வேற ஒருத்தியை எழுது."

பாப்பா திரும்பினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கடைக்காரி வெறும் கதை இல்லை. பாப்பா ஏறாத பஸ்ஸில் எல்லாம் அவள்தான் ஏறினாள். பாப்பா பேசாத பேச்சையெல்லாம் அவள்தான் பேசினாள். அவளையும் எடுத்துக்கொண்டால் இவளுக்கு அந்தத் தெருமுனையும் ஆடுகிற ஏணியும்தான் மிச்சம்.

அடுத்த நாளிலிருந்து எழுதினாள். கடையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கூடை முன்னால் உட்காருவாள். பாதிக் கதை வந்துவிட்டது. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

இங்கேதான் தையல் டீச்சர் வருகிறார். எங்கள் எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷி. ஆனால் கோணலாக ஒன்று கண்ணில் பட்டால் அவரால் நிற்க முடியாது. நம் வீட்டுக்கு வந்தால் முதலில் திரைச்சீலையை நேராக்குவார். காலண்டரைச் சரியாக மாட்டுவார். பேசிக்கொண்டே நம் தோளில் ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிடுவார். ஒரு தடவை தபால்காரரையே நிற்க வைத்து அவர் சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டுத்தான் கடிதத்தை வாங்கினார்.

அன்றைக்கு எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் வருகிற நாளும் அதுதான். பாப்பா கடையில், வீட்டுக்காரர் கடையில். டீச்சரைக் கூப்பிட்டு, சிலிண்டர் வரும்வரை வீட்டில் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சிலிண்டர்காரன் சாயந்திரம்தான் வந்தானாம்.

நான் தாடை வீங்கித் திரும்பி வந்தபோது டீச்சர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வரட்டுமா" என்று எழுந்து போனார். வாய் திறக்க முடியாத நான் கையைக் கூப்பி அனுப்பிவைத்தேன்.

பாப்பா வந்தாள். கூடை முன்னால் உட்கார்ந்தாள். இடது கை துண்டைத் தடவியது. நின்றது. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவியது. அப்புறம் இரண்டு கையாலும் துண்டை அள்ளி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

"அண்ணி."

அந்தக் குரலைக் கேட்டு நான் ஓடினேன்.

"இதுல ஒரு ஓட்டைகூட இல்ல."

வாங்கித் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று கடைக்கு விற்கப் போகலாம் போல இருந்தது. ஆரஞ்சு நல்லவன். மஞ்சள் நல்லவள். நீலம், சாம்பல், ஊதா, எல்லோரும் நல்லவர்கள்.

பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எல்லாரும் திருந்திட்டாங்க அண்ணி. யாருமே பொய் சொல்லல. ஆனா ஒருத்தர் செத்துக் கிடக்கறாரே!"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கெங்க ஓட்டை இருந்ததுன்னு ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் வச்சுக்கக் கூடாதுன்னுதானே அண்ணா பின்னறேன்!"

டீச்சரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. விட்டுப்போன கண்ணாடியை எடுக்க அவரே வந்தார். வாசலிலிருந்தே சந்தோஷமாக, "பாத்தியா பாப்பா? எவ்வளவு கண்ணி நழுவ விட்டிருக்கே! இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிருக்கும். கொக்கி ஊசியால ஒண்ணொண்ணா ஏத்தி, கூடைல இருந்த நூலாலயே பின்பக்கம் கோத்துட்டேன். தெரியவே தெரியாது" என்றார்.

 எனக்கு வாய் வீக்கம். பாப்பாவுக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், அது பொய்யெல்லாம்" என்றார். இவருக்கு விளக்கத் தெரியாது. டீச்சர் மிரண்டு போய்ப் பார்த்தார்.

பாப்பா மெல்ல எழுந்து, எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததையும் சொன்னாள். டீச்சர் கேட்கக் கேட்க அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கை சும்மா மடியில் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாத்தையும் திரும்ப எடுத்துடறேன்" என்றார்.

"எங்கன்னு தெரியுமா டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவருடைய வேலை அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். முகம் சுருங்கிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கண்ணால ஆகாது. என் கை இறுக்கம், இவ கை தளர்வு. நான் ஏத்தின இடம் கொஞ்சம் தடிப்பா இருக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாத் தெரியும்" என்றார்.

அது எனக்குப் பழக்கமான வேலை. துண்டை மேசைமேல் நீட்டிப் போட்டோம். ஒரு முனையில் டீச்சர், மறு முனையில் நான். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். நடுவில் பாப்பா பெட்டி நிறையக் குண்டூசியோடு நின்றாள். தடிப்பு தட்டுப்பட்டால் "இங்க" என்போம், அவள் குண்டூசி குத்துவாள். வீடே மூச்சுவிடவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டுகிற சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டார்.

"இங்க."

"மஞ்சள்" என்பாள் பாப்பா. "ஆமா, கல்யாணத்துக்குப் போனேன்னு புளுகினா."

"இங்க."

"ஊதா. தலைக்குச் சாயமே போடலைன்னு சொன்னார்."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பறிபோன ஆட்கள் ஒவ்வொருவராகப் பொய்யை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. இந்தக் கதையிலும் ஒற்றைப் பொய் ஆரஞ்சுக்குத்தான், அதுவும் வந்தது. அந்த இடத்தில் பாப்பா பெருமூச்சு விட்டாள். கொலைகாரன் கிடைத்துவிட்டான். நானும் டீச்சரும் நடுவில் ஒருவர் விரலை ஒருவர் தொட்டதும், விட்டது ஏதாவது உண்டா என்று நான் என் முனைக்கே திரும்பித் தடவினேன். முனையோரத்தில் கடைசி ஒன்று என் விரலில் பட்டது.

"இங்க."

பாப்பா குண்டூசியைக் குத்தவில்லை.

"அண்ணி, சரியாப் பாருங்க. அது பச்சை."

"பச்சையோ பழுப்போ, இங்க தடிப்பு இருக்கு."

டீச்சரும் வந்து தடவினார். "என் வேலைதான். சந்தேகமே இல்ல."

"பச்சை பொய் சொல்லாது டீச்சர். பச்சை எதிர்வீட்டம்மா. செத்தவர் வீட்டைக் காலைல வந்து கூட்டித் துடைச்சு, படுக்கையை மடிச்சு, எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்த நல்லவங்க. அவங்களுக்கு நான் ஓட்டையே போடல."

"போட்டிருக்கே. நான் சும்மா இருந்த இடத்துல எதுக்குடி கை வைக்கப் போறேன்?"

பாப்பா துண்டின் முனையிலிருந்து அந்த இடம்வரை விரலால் அளந்தாள். நின்றாள். "இது அன்னிக்குப் பின்னினது" என்றாள். "போன் வந்த அன்னிக்கு. ரிசீவரைத் தோள்ல இடுக்கிட்டுப் பின்னிட்டிருந்தேன். பதிப்பகத்துக்காரர் பேசினதும் கை நடுங்கிச்சு. அப்ப நழுவியிருக்கு. நான் பாக்கவே இல்ல."

"அப்போ அது நிஜத் தப்பு. விட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

பாப்பா விடவில்லை. பச்சையின் மேலேயே விரல் இருந்தது. உதடு அசைந்தது. அந்த வரிசையில் எதிர்வீட்டம்மா என்ன பேசினாள் என்பதை நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"இந்த இடத்துல அவங்க, நான் வந்தப்பவே கோப்பை கழுவித்தான் இருந்ததுன்னு சொல்றாங்க" என்றாள்.

 பச்சைக்கு ஒரே ஒரு ஓட்டை. ஒரே ஒரு பொய். ஆரஞ்சு இல்லை. ஆரஞ்சு வேறு எதையோ மறைத்திருக்கிறான். விஷம் கலந்த கோப்பையைக் கழுவியவள் அவள்தான். எல்லோருக்கும் எதிரில், எல்லோரும் பாராட்ட, தடயத்தை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டாள்.

"ஏன் கொன்னா?" என்று கேட்டேன். தாடை வலியே மறந்துவிட்டது.

பாப்பா எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ சொல்லச் சொல்லக் கேட்டுச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அவங்க தங்கச்சி செத்துப்போறதுக்கு முன்னாடி ஒரு சால்வையைப் பாதியில விட்டுட்டுப் போயிருக்கா. நிறையத் தப்போட. கையில தெம்பு இல்லாத நேரத்துல பின்னினது. இவங்க மீதியை முடிச்சுப் போட்டிக்குக் கொண்டுபோனாங்க. நடுவர் எல்லாருக்கும் முன்னாடி அதுல இருந்த தப்பைப் பூரா பிரிச்சுக் காட்டிட்டார். பாடம் சொல்லிக்குடுக்கறேன்னு. தங்கச்சியோட கை அந்தத் தப்புலதான் இருந்தது. அதையும் எடுத்துட்டார்."

 அந்தக் கணத்தில் அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. நாற்பது வருஷமாக எனக்குத் தட்டு எடுத்து வைத்தவள்தான். ஆனாலும் அன்றைக்கு அவள் வேறு எங்கோ நின்றாள், நாங்கள் மூன்று பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

முதலில் பேசியவர் டீச்சர்.

"அப்போ எதிர்வீட்டுக்காரிதான் கொலைகாரி. எல்லாத்தையும் சரி பண்றவ."

பாப்பாவுக்கு அப்போதுதான் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ டீச்சர், நான் உங்களை நினைச்சு... வேண்டாம். ஆரஞ்சையே வச்சுக்கறேன். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

டீச்சர் துண்டைத் தன் பக்கம் இழுத்தார். பச்சையில் அவரே போட்ட அந்த ஒரு கண்ணியைக் கொக்கி ஊசியால் தேடி எடுத்தார். பின்பக்கம் கோத்திருந்த நூலை உருவினார். கண்ணி தளர்ந்து சின்ன ஏணியாகக் கீழே இறங்கியது. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவர் விரலில் தெரிந்தது. பல் பிடுங்கினபோது நான்கூட அப்படி முகம் சுளிக்கவில்லை.

"எழுதுடி" என்றார். "ஆனா ஒண்ணு. அவ போடற டீ நல்லா இருக்கும்னு ஒரு வரி எழுதணும்."

எழுதியிருக்கிறாள். வேண்டுமென்றால் மாடி வீட்டுக்காரியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவள்தானே.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். முதல் பாதியையும் மாற்ற வேண்டியதாயிற்று. கடைக்கு விடுப்புச் சொன்னாள். டீச்சர் குண்டூசி குத்திய மற்ற ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, எங்கள் வீட்டுச் சமையலறையையே எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தானாகவே வந்து, கழுவின கோப்பைக்கும் கழுவாத பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏதோ யோசனை சொன்னார். அது எதற்கும் உதவவில்லை, ஆனாலும் பாப்பா உட்கார்ந்து கேட்டாள். வானம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் தலையைத் தூக்கிப் பார்க்கவே பயந்தோம்.

கடைசி அத்தியாயம் முடிந்தபோது தூறல் விழத் தொடங்கிவிட்டது. எப்போதும் பஸ் பார்சலில்தான் அனுப்புவாள். பார்சல் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். காலையில் புறப்படுகிற பஸ்ஸில் ஆளே போனால் அன்றைக்கே சேர்ந்துவிடலாம்.

"நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

பாப்பா காகிதக் கட்டுக்கு ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தாள். "வேண்டாம் அண்ணா. பச்சைதான்னு சொன்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. இவ்வளவு நல்லவ எப்படிக் கொன்னான்னு கேப்பாங்க. யாராவது அங்க உக்காந்து சண்டை போடணும்."

"யாரு?"

"நூல்கடைக்காரி போவா" என்றாள். உறையின் வாயை ஒட்டிவிட்டு, "அவ போகணும்னா நான்தானே போகணும்" என்றாள்.

இதுதான் நடந்தது. பதிப்பகத்தில் பச்சையை ஒத்துக்கொண்டு, அடுத்ததையும் அங்கேயே இருந்து எழுதச் சொல்லிவிட்டார்கள், அதனால் இருக்கிறாள். யாருக்கும் பயந்து போகவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டும் போகவில்லை.

நல்ல வெளிச்சத்தில் போனாள். மூன்று பேரும் வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரர் புதிதாக அறுத்த சாவி ஒன்றை அவள் கையில் வைத்து மூடினார். "நம்ம வாசல் பூட்டுக்குத்தான். எப்ப வேணா வந்து திற. கதவைத் தட்ட வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அதற்கு எண்ணெய் தேவையே இல்லை.

டீச்சர் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாப்பா படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள், அவிழ்த்தாள், மாட்டினாள்.  எழுந்தாள். தண்ணீர் பாட்டில் என்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அந்தத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். மஞ்சள், நீலம், ஊதா, ஆரஞ்சு, எல்லாப் பொய்யும் ஓட்டை ஓட்டையாக. அப்படிச் சுற்றிக்கொண்டு போகிற ஆளைத் தெரு இதுவரை பார்த்ததில்லை. பச்சை முனை தோளில் தொங்கியது. அதில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டு நின்றது.

டீச்சரின் கை தானாக எழுந்தது. பிசிறுக்கு விரல்கடை தூரம் போயிற்று. நின்றது. அவர் அந்தக் கையை மடக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பாப்பா பார்த்துவிட்டாள். "வெட்டிடட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும்டி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நான் அவள் தோளைத் தொட்டேன். விரல் தானாகப் பச்சைக்குப் போனது. அந்த ஒற்றை ஓட்டை இருந்தது.

தாழ்ப்பாளைத் திறந்தேன். பாப்பா படி இறங்கினாள்.